நாலு நூல் என்றால் எத்தனை எம்.எம்.?

‘நாலு நூல் கம்பி’ என்று சொன்னால் இந்தக் காலத்து என்ஜினியர் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்க அதில் ஒன்றுமில்லை. இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். தச்சரும் கொத்தனாரும் கொல்லரும் ஒரே கணக்கில் பேசிக்கொள்ள உதவிய சொல் அது. முப்பது வருஷம் இரும்பு ஸ்டோரில் உட்கார்ந்து எழுந்தவன் நான். என் சண்டை அந்தச் சொல்லோடு இல்லை, அதற்குள் ஒளிந்துகொள்கிறவர்களோடு.

நாலு நூல் என்றால் அரை இஞ்ச், அதாவது 12.7 எம்.எம். மெட்ரிக் அளவுக்கு 1956-லேயே சட்டம் வந்துவிட்டது. இன்று கடையில் கிடைப்பது 12 எம்.எம்.தான், வாய் மட்டும் நாலு நூல் என்கிறது. அது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம், போகட்டும். விளையாட்டெல்லாம் மூணு நூலில்தான். மூணு நூல் என்றால் 10 எம்.எம்.; 8 எம்.எம்.முக்கு ரெண்டரை நூல் என்று பெயர். தளத்துக்கு மூணு என்று பேசிவிட்டு ரெண்டரையை இறக்குவார்கள். கேட்டால், “அரை நூல்தானே சார் வித்தியாசம்!” அரை நூல்தான். ஆனால் கம்பியின் குறுக்குவெட்டைக் கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரும்பு காணாமல் போயிருக்கும். தளத்தில் விரிசல் தெரியும்போது மேஸ்திரியும் கம்பி நீட்டியிருப்பார்.

ஆங்கிளிலும் இதே கதை. ‘ரெண்டு இஞ்ச் ஆங்கிள்’ என்பது அகலம் மட்டும். கனம் எங்கே? 6 எம்.எம். கனத்தில் மீட்டருக்கு நாலரை கிலோ நிற்கும், 3 எம்.எம். என்றால் பாதிதான். பெயர் இரண்டுக்கும் ஒன்றே. தகட்டில் கேஜ் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அது தலைகீழ்! 16 கேஜ் 1.6 எம்.எம்., 20 கேஜ் 0.9 எம்.எம். நம்பர் பெரிசாக இருந்தால் கெட்டி என்று நினைத்து 20 கேஜில் கேட் கதவு அடித்தவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர்.

தராசு மட்டும் பொய் சொல்லாது. கம்பியின் எம்.எம்.மை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 மீட்டர் நீளத்துக்கு 10 எம்.எம். சுமார் 7.4 கிலோ, 8 எம்.எம். 4.7 கிலோ.

‘கம்பி, ஆங்கிள் வகையறா’ என்று மொத்தமாக எழுதிய பில்லுக்குப் பணம் எண்ணிக் கொடுக்காதீர்கள். எம்.எம்., நீளம், எடை மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் பக்கத்திலேயே இன்னொரு கடை இருக்கும்.