உறுப்புப் பெயர்களும் தமிழாகட்டும்

1998-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றது முதல் தமிழ் நூல்கள் கணிப்பொறியில் ஏறிய வண்ணம் உள்ளன. உமறுப்புலவரின் சீறாப்புராணமும் அவற்றுள் ஒன்று. ஆயினும், ஏற்றிய நூலைப் படிப்பது வேறு. அதனிடம் வினாத் தொடுப்பது வேறு. "விலாதத்துக் காண்டத்தில் படலங்கள் எத்தனை? படலந்தோறும் செய்யுட்கள் எத்தனை?" என்னும் வினாக்களுக்குக் கணிப்பொறி விடையிறுக்க வேண்டுமாயின், எது காண்டம், எது படலம், எது செய்யுள் என்பதை நூலுக்குள்ளேயே குறித்திருத்தல் வேண்டும். அவ்வாறு குறிப்பதற்கென 1998 பிப்ரவரியில் தரப்படுத்தப்பெற்ற முறையே எக்ஸ்.எம்.எல்.

இம்முறையில் நூலின் ஒவ்வொரு பகுதியும் ஓர் உறுப்பு. எண், தலைப்பு, யாப்பு போன்றவை அவ்வுறுப்பின் பண்புகள். இவற்றின் பெயர்கள் ஆங்கிலத்திலேயே அமைதல் வேண்டும் என்று நம்மவருள் பலர் கருதுகின்றனர். அக்கருத்துக்கு அடிப்படை இல்லை. பெயரில் இடைவெளி கூடாது, இலக்கத்தில் தொடங்குதல் கூடாது என்பன போன்ற சில விதிகள் உள்ளனவே அன்றித் தமிழெழுத்துக்குத் தடை முதற்பதிப்பிலேயே இல்லை. 1999 நவம்பரில் வெளிவந்த எக்ஸ்பாத் மொழியில் //படலம்/செய்யுள்/@எண் என்று எழுதினால், எல்லாப் படலங்களிலும் உள்ள செய்யுள் எண்கள் திரண்டு வந்து நிற்கும். இரட்டைச் சாய்கோடு "எத்துணை ஆழத்தில் இருப்பினும் தேடுக" என்பதையும், @ பண்பையும் குறிக்கும். இவ்வரியில் ஆங்கில எழுத்து ஒன்றேனும் உண்டா?

பிறர் குறியிட்ட கோப்பு கைக்கு வந்தால் முதலில் செய்யத்தக்கது பெயர்களைத் திரட்டுவதே. //* என்பது எல்லா உறுப்புகளையும், //@* என்பது எல்லாப் பண்புகளையும் தெரிந்தெடுக்கும். பெயரை மட்டும் பிரித்துத் தரும் செயற்கூறு எக்ஸ்பாத்திலேயே உண்டு, எக்ஸ்.எஸ்.எல்.டி. அவற்றை அட்டவணையாக்கும். ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வாராமல் நீக்குவது முதற்பதிப்பில் சுற்றுவழியாக இருந்தது. 2007-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அது ஒருவரி வேலை.

இங்கேதான் தமிழுக்கே உரிய சிக்கலொன்று வெளிப்படும். "தொகுதி" என்னும் பெயர் அட்டவணையில் இருமுறை இடம்பெறலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஒருங்குறியில் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் இடலாம். எகரக் குறியையும் காலையும் அடுத்தடுத்து வைத்து இரு குறியெண்களாகவும் இடலாம். எக்ஸ்.எம்.எல். குறியெண்களையே ஒப்பிடுவதால் இவ்விரண்டும் அதற்கு வெவ்வேறு பெயர்கள். ஒன்றைத் தேடினால் மற்றொன்றின் கீழுள்ள செய்யுட்கள் ஓசையின்றி விடுபட்டுப்போம். பிழைச்செய்தி எதுவும் வாராது என்பதே இதிலுள்ள கொடுமை! பெயர்ப்பட்டியலைத் திரட்டிப் பார்ப்பவரே இதனைக் காண்பர்.

உலகப் பல்கலைக்கழகங்கள் பின்பற்றும் டி.இ.ஐ. நெறியில் உறுப்புகளுக்கு ஆங்கிலப் பெயர்களே உள்ளன. அதனை விட்டு விலகலாமா என்பர் சிலர். விலக வேண்டுவதில்லை. தமிழ்ப் பெயர்களை அப்பெயர்களாக மாற்றித் தர எக்ஸ்.எஸ்.எல்.டி. கோப்பு ஒன்று போதும்.

தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் தொடங்கிய ஏற்றுமதி வளாகத்திலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் கணிப்பொறி வல்லுநர்க்குப் பஞ்சமில்லை. ஆனால் கலித்துறை எது, விருத்தம் எது என்று அவர்கள் நமக்குச் சொல்லப் போவதில்லை. அதனை அறிந்தவர் தமிழ்த்துறை மாணவரே. ஆகவே பெயரிடும் பொறுப்பும் அவரையே சாரும். இவ்வாண்டே சீறாப்புராணத்தின் ஒரு படலத்தை எடுத்து, யாப்பு என்னும் பண்போடு குறியிட்டுத் தொடங்கலாம். துறையிலுள்ள ஒரு கணிப்பொறியே அதற்குப் போதுமானது.