வாயில்லா வழித்துணை



பள்ளி விடுமுறையும் உத்தியோக மாற்றல் உத்தரவும் ஒருங்கே வந்து சேர்வது நம்போன்ற குடியேறிய குடும்பங்களின் அநுபவம். பெட்டிகள் கட்டப்படும், பாத்திரங்கள் சாக்கிற்குள் போகும், பிள்ளைகளின் சான்றிதழ்கள் பத்திரமாக எடுத்து வைக்கப்படும். எல்லாம் முடிந்த பின்னரே வாயிற்படியில் படுத்திருக்கும் நாயின் நினைவு வரும். இம்மாதம் அந்த வாயில்லா ஜீவனைக் குறித்தே சிறிது பேச விழைகிறோம்.

ஸ்ரீவராகத்து அன்பர் ஒருவர் நம்மிடம் விடுத்த கேள்வியே இதற்குக் காரணம். அவர் ஓய்வு பெற்றவர், தனியர். ஒரு வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் அமைத்து, தம் நாயையும் பூனையையும் ஏற்றிக்கொண்டு, காசி வரையில் தாமே ஓட்டிச் செல்ல எண்ணியுள்ளார். "ரயிலில் போகலாகாதா?" என்று வினவினோம். "தம்பி, ரயிலில் எனக்கு இடம் உண்டு, இவற்றுக்கு?" என்று திருப்பிக் கேட்டார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் நாம் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவரே.

ரயிலில் நாயைக் கொண்டுசெல்ல இரண்டு வழிகள் உண்டு. முதல் வகுப்பில் இரு படுக்கை அல்லது நான்கு படுக்கை கொண்ட அறை முழுவதையும் தமக்கென்றே பெற்றால், நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். அதற்குச் சாமான் கட்டணம் செலுத்த வேண்டும். இன்றேல் கார்டு வண்டியிலுள்ள நாய்ப்பெட்டியில் ஏற்றலாம். குளிர்சாதன இரண்டடுக்கு, மூன்றடுக்குப் பெட்டிகளிலும், தூங்கும் வசதிப் பெட்டிகளிலும் நாய்க்கு அநுமதி இல்லை. நாய்ப்பெட்டியில் ஏற்றினால், வண்டி நிற்கும் நிலையங்களில் உடையவரே இறங்கி ஓடி நீரும் உணவும் கொடுக்க வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து தில்லிக்கு மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். இரும்புப் பெட்டிக்குள், பழகிய குரல் ஒன்றும் கேளாமல், அவ்வளவு தூரம் செல்வது அப்பிராணிக்கு எத்தகைய சோதனை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பார்சல் அலுவலகத்தில் நாம் கண்ட காட்சி ஒன்று உண்டு. வடக்கே மாற்றலான குடும்பத்தார், வண்டி புறப்பட அரைமணி நேரம் இருக்கையில், நாயை அழைத்து வந்தனர். மருத்துவச் சான்றிதழ் இல்லை, முன்னேற்பாடும் இல்லை. நாயை ஏற்ற இயலவில்லை. தெரிந்தவர் வந்து அழைத்துச் செல்வார் என்று கூறித் தூணில் கட்டிவிட்டு, கண்ணீருடன் வண்டி ஏறினர். தெரிந்தவர் வரவில்லை. அந்த நாய் நான்கு நாட்கள், அதே நேரத்துக்கு அதே வண்டி வரும்போதெல்லாம் எழுந்து நின்று, ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தது. ஐந்தாம் நாள் ஒரு போர்ட்டர் அதைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அக்குடும்பத்தார் கொடியவர் அல்லர். நாயைப் பற்றிக் கடைசியாக நினைத்தவர், அவ்வளவே.

வளர்த்த பிராணியைப் பசி தாகத்தால் வருந்தும் நிலையில் கைவிடுவது இந்நாட்டில் குற்றமாகும். 1960ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அவ்வாறு விதிக்கிறது. அச்சட்டம் பிறக்கப் பெரிதும் உழைத்தவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள் என்பது தமிழருக்குப் பெருமை. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. பின்னர் வந்த 1978ஆம் ஆண்டு விதிகளின்படி, பிரயாணம் செய்யும் நாய்க்கும் பூனைக்கும் கால்நடை மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். கோடையில் நான்கு மணிக்கு ஒருமுறையும், குளிர்காலத்தில் ஆறு மணிக்கு ஒருமுறையும் நீர் தரவேண்டும். வளர்ந்தவற்றுக்குப் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை உணவு வேண்டும். சொந்த வண்டியில் செல்வோர்க்கும் இது நல்ல அளவுகோலே.

நம் அன்பரின் எண்ணம் புதியதும் அன்று. 1960இல் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக், தம் 58ஆம் வயதில், லாரியின்மேல் சிறு வீடு ஒன்றை அமைத்துச் சார்லி என்ற நாயுடன் தம் நாட்டைச் சுற்றி வந்தார். வடக்கு டக்கோடா, மொன்டானா முதலிய வட சமவெளி மாநிலங்களையும் கடந்தார். 1962இல் வெளியான தம் நூலில் அவர் எழுதியிருப்பது நமக்கும் பாடமாகும். கனடா வழியே செல்ல எண்ணி நயாகரா எல்லையை அடைந்தபோது, சார்லிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லை. அச்சான்று இன்றேல் நாயோடு தாய்நாட்டுக்குத் திரும்ப இயலாது என்றறிந்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு வழியே சென்றார். வழியில் சார்லி நோயுற்றபோது பயணம் நாய்க்காகக் காத்திருந்தது. துணையாக அழைத்துச் சென்றவர், துணையின் தேவைக்கு இணங்கித் தம் வழியை மாற்றிக்கொண்டார்.

இனி, நம் நாட்டு வழியைப் பார்ப்போம். 2010இல் எண்கள் மாற்றப்படுமுன், கன்னியாகுமரியையும் வாராணசியையும் இணைத்தது ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை. நீளம் 2,369 கிலோமீட்டர். மதுரை, சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாகபுரி, ஜபல்பூர், ரீவா என்று சென்று, விந்திய மேட்டிலிருந்து கங்கைச் சமவெளியில் இறங்குவது அவ்வழி. நாளொன்றுக்கு 300 கிலோமீட்டர் என்று கொண்டால் எட்டு ஒன்பது நாட்கள் ஆகும். பிராணிகளோடு செல்பவர் அதற்குமேல் விரைதல் ஆகாது.

சமவெளியில் காலமறிந்து இறங்குதல் வேண்டும். மே, ஜூன் மாதப் பகற்பொழுதில் "லூ" என்னும் அனற்காற்று வீசும். வெப்பம் 45 டிகிரியையும் தாண்டும். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி சாலையை மறைக்கும். அக்டோபர், நவம்பரும், பிப்ரவரியும் உகந்தவை. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்க்காது. மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்ளும். வெளியே 35 டிகிரி இருக்கையில், மூடிய வண்டிக்குள் அரைமணியில் 50 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். தனியே செல்பவர் உணவு விடுதிக்குள் நுழைந்தால் வண்டியில் நாயைக் காக்க வேறொருவர் இல்லை. ஆகவே வண்டியிலேயே சமைத்து, நிழலில் நின்று, உடனிருந்து உண்பதே தக்கது. பூனையோ இடத்தைப் பற்றி வாழ்வது. கதவைத் திறக்குமுன் அதைக் கூடைக்குள் அடைத்தல் வேண்டும். அறியாத ஊரில் ஓடினால் மீட்பது அரிது.

வடதிசை நோக்கி நாயுடன் தனியே நடந்தவர் ஒருவரை நாம் அனைவரும் அறிவோம். தம்பியரும் திரௌபதியும் ஒவ்வொருவராக வீழ்ந்தபின், தருமபுத்திரரைத் தொடர்ந்தது ஒரு நாய் மட்டுமே. இந்திரன் தேரோடு வந்து, நாய்க்கு இதில் இடமில்லை என்றான். நம்பி வந்ததைக் கைவிட்டு ஏறுவதற்கில்லை என்று அவர் மறுத்துவிட்டார். அந்த நாய் தருமதேவதையே என்று பின்னர் தெரிந்தது. ஆனால் மறுத்தபோது அவர் அதை நாயென்றே அறிந்திருந்தார்.

நம்மில் பலரும் வேன் வாங்கிக் காசிக்குச் செல்லப் போவதில்லை. மாற்றலாகியோ, விடுமுறைக்கோ செல்வோம். அப்போது நமக்குச் சீட்டுப் பதிவு செய்யும் நாளிலேயே நாய்க்கும் ஏற்பாடு செய்வோம். தடுப்பூசியும் சான்றிதழும் ஒரு மாதம் முன்பே ஆயத்தமாகட்டும். அழைத்துச் செல்ல இயலாதெனில், அதை அன்போடு ஏற்கும் வீட்டைத் தேடி, நாம் இங்கிருக்கும்போதே சில நாட்கள் அங்கே பழக்கிவிடுவோம். நம் சங்கத்துக் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று இவ்வுதவியைச் செய்தல் எளிது. ஊர்விட்டு ஊர் வந்து, புதிய வாயிற்படியில் நிற்பதன் துன்பத்தை அறிந்தவர் அன்றோ நாம்?