மதுபானசாலைக்கு அனுமதி: எங்களிடம் யார் கேட்டார்கள்?



இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகின்றது. "எங்கள் வீதியில் புதிதாக மதுபானசாலை திறந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய்வரும் வழி அது. யாரிடம் முறையிடுவது?" என்று கேட்கிறார்கள். எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் கடை திறந்த பிறகுதான் எழுதுகிறார்கள். ஆனால், எமது குரலுக்குப் பலம் அதிகம் இருப்பது கடை திறக்க முன்னர்தான். ஆகவே இம்முறை அனுமதிப்பத்திரம் பற்றியே எழுதலாம் என்று எண்ணினேன்.

அனுமதிப்பத்திரம் என்பது என்ன?

இலங்கையில் மது விற்பனையை ஆளும் அடிப்படைச் சட்டம் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். பிரித்தானியர் காலத்தில் வந்த சட்டம் பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அது வந்த அதே காலத்திலேயே தவறணைகள் பெருகுவதை எதிர்த்து மதுவொழிப்பு இயக்கமும் நாட்டில் வலுப்பெற்றது. பின்னாளில் அரசியலில் பெரிய தலைவர்களாக விளங்கிய டி. எஸ். சேனாநாயக்க, டி. பி. ஜயதிலக்க போன்றவர்கள் பொது வாழ்வில் அடியெடுத்து வைத்தது அந்த இயக்கத்தின் வழியாகத்தான். ஓர் ஊரின் வாக்காளர்களில் குறித்த பங்கினர் வேண்டாம் என்று வாக்களித்தால் அந்த ஊர்த் தவறணையை மூடும் முறையும் அக்காலத்தில் இருந்தது. அப்படி மூடப்பட்ட தவறணைகள் பல. ஊரைக் கேட்டுத் தீர்மானிக்கும் வழக்கம் எமது நாட்டுக்குப் புதியது அல்ல என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இன்று இந்த வேலையைச் செய்வது நிதி அமைச்சின் கீழுள்ள மதுவரித் திணைக்களம். கள்ளுத் தவறணைக்கு ஒரு வகை, போத்தலாக வாங்கிச் செல்லும் கடைக்கு ஒரு வகை, ஹோட்டலுக்கு ஒரு வகை என அனுமதிப்பத்திரங்கள் பலவகைப்படும். எந்த வகையானாலும் அது நிரந்தரச் சொத்து அல்ல. ஒரு வருடத்துக்கே செல்லுபடியாகும். டிசெம்பர் 31உடன் முடிந்துவிடும். மீண்டும் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். வழங்கும்போது இடம் பொருத்தமானதா, பாடசாலைக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் பார்க்கப்பட வேண்டும். பிரதேச செயலகத்தின் அறிக்கையும் இதில் முக்கியமானது. ஆக, கடையின் கதவு திறப்பதற்கு முன்னர் ஒரு கோப்பு பல மேசைகளைக் கடந்து செல்கிறது. அந்த மேசைகளில் இருப்பவர்களுக்கு எமது குரல் கேட்க வேண்டும்.

வாங்கக் கூடாதவள், கேட்கப்படாதவள்

இந்தச் சட்டத்தில் பெண்களைப் பற்றித் தனியாக என்ன சொல்லியிருக்கிறது என்று தேடினால் ஆச்சரியமாக இருக்கும். 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல் ஒன்று, மதுபானசாலை வளவினுள் பெண்ணுக்கு மது விற்கவோ கொடுக்கவோ கூடாது என்றது. விசேட அனுமதியின்றி அங்கே பெண்களை வேலைக்கு வைத்திருக்கவும் கூடாது என்றது. 2018 ஜனவரியில் அன்றைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர இந்தத் தடையை நீக்கினார். சில நாட்களுக்குள் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை மீளப்பெறும்படி பணிக்க, அதே மாதத்திலேயே தடை திரும்பவும் வந்தது. இது சமத்துவ உரிமைக்கு முரணானது என்று பெண்கள் சிலர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார்கள்.

அந்த நாட்களில் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் ஒரே விவாதம். பெண் குடிக்கலாமா, எமது கலாசாரம் என்ன ஆகும் என்று பேசாத ஆள் இல்லை. எனக்கு அந்த விவாதத்தில் ஒரு குறை தெரிந்தது. பெண் போத்தல் வாங்கலாமா என்று நாடே கேட்டது. பெண் வாழும் வீதியில் கடை வரலாமா என்று அவளிடம் எவரும் கேட்கவில்லை. எமது வீடுகளில் மதுவுக்குப் போகும் காசு யாருடைய கையிலிருந்து குறைகிறது? இரவில் தள்ளாடி வருபவருக்குக் கதவு திறப்பது யார்? கடையைக் கடந்து ரியூஷனுக்குப் போகும் மகளுக்காகப் படலையில் காத்து நிற்பது யார்? இத்தனை தூரம் சம்பந்தப்பட்டவளுக்கு அந்தக் கோப்பில் ஒரு வரிகூட இல்லை.

வன்னிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது ஓர் அம்மம்மா சொன்னார்: "பிள்ளை, சங்கக்கடை வைக்கிறதெண்டாலும் கூட்டம் வைச்சுக் கேக்கினம். உந்தச் சாராயக்கடைக்கு மட்டும் எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை." சட்டம் படித்த எவரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

கிளிநொச்சியில் 16

2024 டிசெம்பரில் பாராளுமன்றத்தில் ஒரு பட்டியல் சமர்ப்பிக்கப்பட்டது. அந்த ஆண்டில் புதிதாக வழங்கப்பட்ட மது அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் அது. நாடு முழுவதும் 300க்கும் மேல். அவற்றில் போத்தலாக விற்கும் சில்லறைக் கடைகளுக்கானவை கிளிநொச்சி மாவட்டத்துக்கு மட்டும் 16. ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் மாவட்டம் அது. 2009 வரை யுத்தத்தில் அகப்பட்டு, கணவனை இழந்த பெண்கள் தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் வீடுகள் நிறைந்த மாவட்டம்.

பட்டியல் வந்ததும் எந்த அரசியல்வாதியின் சிபாரிசில் யாருக்குக் கிடைத்தது என்பதே பெரும் பேச்சாக இருந்தது. அதுவும் தெரியவேண்டியதுதான். ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த 16 கோப்புகளில் எத்தனையில் அந்தந்தக் கிராமத்து மக்களின் கருத்து எழுத்தில் இருக்கிறது? சிபாரிசு செய்தவர் யாராக இருந்தாலும், ஆட்சேபம் எழுத்தில் இருந்தால் அதைத் தாண்டிச் செல்வது இலகுவல்ல.

அரசாங்கத்துக்கு இதில் வருமானம் இருக்கிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். 2024இல் மதுவரித் திணைக்களம் சேர்த்தது 20,000 கோடி ரூபாவுக்கு மேல். இவ்வளவு காசு வரும் வழியை எந்த அரசாங்கமும் தானாக அடைக்காது. அதனால்தான் ஊரின் குரல் அவசியமாகிறது.

கடையை மூடினால் கசிப்பு வராதா?

கூட்டங்களில் இந்தக் கேள்வியை ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அனுமதியுள்ள கடை தூரத்தில் இருக்கும் இடங்களில் கசிப்புக் காய்ச்சுவது நடக்கிறது. கசிப்பு உயிரையே எடுக்கக்கூடியது. பனையேறிப் பிழைக்கும் குடும்பங்களின் கள்ளையும் கம்பனிச் சாராயத்தையும் ஒரே தராசில் வைப்பதும் சரியல்ல.

அயல்நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1992ஆம் ஆண்டு இந்தியாவின் ஆந்திர மாநிலத்தில், நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா என்ற கிராமத்தில் எழுத்தறிவு வகுப்புக்குப் போன ஏழைப் பெண்கள் தங்கள் ஊர்ச் சாராயக் கடைக்கு எதிராகக் கிளம்பினார்கள். தீ பரவுவது போல அது மாவட்டம் முழுவதும் பரவியது. கடைகளை ஏலம் விடும் இடங்களுக்கே போய் ஏலத்தை மறித்தார்கள். 1993இல் மாநிலத்தில் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கே வந்தது. ஆனால் 1997இல் வருமான இழப்பையும் கள்ளக் கடத்தலையும் காரணம் காட்டி அரசாங்கம் விலக்கைத் தளர்த்தியது.

இதிலிருந்து நான் கற்றுக்கொள்வது இதுதான். எழுதப் படிக்கத் தொடங்கிய பெண்களால் ஓர் அரசாங்கத்தையே அசைக்க முடியும். ஆனால் மேலிருந்து வரும் தடையை மேலிருந்தே எடுத்தும் விடலாம். ஆகவே நாடு முழுவதும் மதுவை ஒழித்துவிடுவோம் என்று நான் இங்கே சொல்ல வரவில்லை. எந்த இடத்தில், எத்தனை கடை, எந்த நேரம் என்று தீர்மானிக்கும்போது அங்கு வாழும் பெண்களையும் கேளுங்கள் என்பதே எனது கோரிக்கை. கசிப்பு இருந்தால் அதையும் சேர்த்து முறையிடுவோம். மதுவரித் திணைக்களத்தின் 1913 என்ற இலக்கம் அதற்கு உண்டு.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, கண்ணும் காதும் திறந்திருக்க வேண்டும். புதிய கட்டடம் எழும்பும்போதே இது எதற்கு என்று கிராம உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

இரண்டாவது, ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். பிரதேச செயலாளருக்கு முகவரியிட்டு, மாவட்டச் செயலாளருக்கும் மதுவரி ஆணையாளர் நாயகத்துக்கும் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கும் பிரதி அனுப்புங்கள். "கலாசாரம் கெடும்" என்று மட்டும் எழுதாதீர்கள். பாடசாலை எத்தனை மீற்றரில் இருக்கிறது, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எங்கே இருக்கின்றன, அருகில் ஏற்கெனவே எத்தனை கடைகள் உள்ளன, பெண்கள் எந்த நேரத்தில் அந்த வழியைப் பாவிக்கிறார்கள் என்பவற்றை எழுதுங்கள். மாதர் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஆகியவற்றின் கையொப்பங்களையும் சேருங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் ஒரு பிரதியையும் பத்திரமாக வையுங்கள்.

மூன்றாவது, தகவலைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பத்தின் பிரதியையும், யார் என்ன அறிக்கை கொடுத்தார் என்பதையும், தூரம் எப்படி அளக்கப்பட்டது என்பதையும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் எழுதிக் கொடுக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

நான்காவது, திறந்துவிட்ட கடையானாலும் மனம் தளர வேண்டாம். வருட இறுதியில் புதுப்பித்தல் வரும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டத்தின்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பது குற்றம். போயா தினத்தில் கடை திறக்கக் கூடாது. இப்படியான மீறல்களைத் திகதியோடும் நேரத்தோடும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். நிபந்தனையை மீறும் அனுமதிப்பத்திரத்தை நிறுத்தவும் இரத்துச் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. அதற்கு அந்தக் கொப்பி மிகவும் உதவும்.

இன்னும் ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடிப்பது குற்றம். "அவர் நல்லவர், குடிதான் கெட்டது" என்று நாமே சாட்டுச் சொல்லிக் கொடுக்கிறோம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அடித்தவர் வெறியில் இருந்தார் என்பது அதற்குத் தடையல்ல. அவசரமானால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

சகோதரிகளே, அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். உங்கள் பிரிவில் எத்தனை மதுபானசாலைகள் இருக்கின்றன, எப்போது அனுமதி பெற்றன என்று ஒரு தகவல் விண்ணப்பத்தையாவது கூட்டம் கலைய முன்னர் எழுதி முடியுங்கள். கிடைக்கும் பதிலை எமக்கும் அனுப்பி வையுங்கள். மற்றச் சகோதரிகளுக்கும் பயன்படும்.