முதுகில் கருவி, கையில் வாட்ச்... கணக்கு யாருக்கு?

கொடுங்கையூர் கிடங்குக்கு தினமும் லோடு லோடாக குப்பை வருகிறது. தெருவில் அதை பெருக்கி, வண்டி தள்ளும் துப்புரவு தொழிலாளி ஒரு நாளில் எத்தனை தடவை குனிகிறார்? எவ்வளவு தூரம் நடக்கிறார்?

பேஸ்கட்பாலில் இதை எல்லாம் அளக்கிறார்கள். வீரரின் பனியனுக்குள், இரண்டு தோள்பட்டைக்கு நடுவே, தீப்பெட்டி சைசில் ஒரு கருவி. எத்தனை தடவை குதித்தார், எந்த வேகத்தில் ஓடி சடாரென நின்றார் எல்லாம் பதிவாகிவிடும். முந்தைய வாரங்களை விட பளு திடீரென எகிறினால், முழங்கால் போவதற்குள் 'தம்பி, இன்னிக்கு உட்காரு' என்று கோச் சொல்லிவிடலாம்.

நல்ல விஷயம்தான். ஆனா அந்த கணக்கு யார் கையில்?

அமெரிக்காவின் என்.பி.ஏ. வீரர்கள் உஷார் பார்ட்டிகள். 2017-ல் அமலுக்கு வந்த ஒப்பந்தத்தில் அவர்கள் சங்கம் கறாராக எழுதி வாங்கியது. கருவியை மாட்டுவது வீரர் இஷ்டம். அந்த கணக்கை காட்டி சம்பள பேரம் பேசக்கூடாது. மீறினால் 2½ லட்சம் டாலர் வரை அபராதம்!

நம்ம நாட்டில் கதை தலைகீழ். 2020-ல் சண்டிகர் துப்புரவு தொழிலாளர்கள் கையில் ஜி.பி.எஸ். வாட்ச் கட்டினார்கள். களைப்பை பார்க்க அல்ல, ஆள் ஏரியாவில் இருக்கிறாரா என்று வேவு பார்க்க. சம்பளத்தில் கை வைக்கிறார்கள் என்று தொழிலாளர்கள் போராட்டத்தில் குதித்தார்கள்.

வடசென்னைக்கும் அந்த வாட்ச் வந்தால், சங்கங்கள் முதலில் கேட்க வேண்டியது என்.பி.ஏ. வீரர்கள் வாங்கிய அந்த இரண்டு வரியைத்தான். கூடவே, பளு எகிறிய மறுநாள் சம்பளத்தோடு லீவு.