எண்கள் சொல்லாத கதை

ஈடன் தோட்டத்தில் டெஸ்ட் ஆட்டம் நடக்கும் நாட்களில் நம்மவரிடையே ஒரு வாதம் தவறாமல் எழும்: சிறந்தவர் வெங்கட்ராகவனா, அஸ்வினா? இருவரும் சென்னையர், இருவரும் பொறியியல் பயின்றவர், இருவரும் ஆப் ஸ்பின் வீசியவர்.

உடனே ஒரு நண்பர் கணக்கை நீட்டுவார். வெங்கட்ராகவன் 57 டெஸ்ட்களில் 156 விக்கெட். அஸ்வின் 106 டெஸ்ட்களில் 537. ஒரு விக்கெட்டுக்கு முன்னவர் கொடுத்தது 36 ஓட்டம், பின்னவர் 24. "வழக்கு முடிந்தது" என்பார். முடிந்ததா, நண்பர்களே?

வெங்கட்ராகவன் ஆடியது 1965 முதல் 1983 வரை. பிரசன்னாவும் அதே ஆப் ஸ்பின் வீசியவர். ஓரிடத்திற்கு உரியவர் இருவர்! முன்காலை நீட்டிப் பந்தைத் தடுத்தவருக்கு ஐயத்தின் பயனை நடுவர் அளிப்பது அந்நாள் வழக்கம். இன்றோ நடுவர் தீர்ப்பை மறு ஆய்வுக்கு அனுப்பலாம். இந்தியா அம்முறையைத் தொடர்ந்து கைக்கொண்டது 2016 முதல்தான்.

கூடைப்பந்திலும் இதே கதை. எதிரி எறியும் பந்தைத் தடுப்பதை அமெரிக்காவின் என்.பி.ஏ. எண்ணத் தொடங்கியது 1973-74 பருவத்தில். 13 பருவங்களில் 11 முறை வாகை சூடிய பில் ரசல் 1969-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவர் தடுத்த பந்துகளுக்கு அதிகாரப்பூர்வக் கணக்கே இல்லை. எண்ணாததால் அவர் தடுக்கவில்லை என்றாகுமா?

அப்படியானால் எண்களே வேண்டாமா? வேண்டும். ஆனால் ஒருவரை முதலில் அவர் காலத்தவரோடு நிறுத்திப் பாருங்கள். பேடி ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்தது ஏறத்தாழ 29 ஓட்டம். சந்திரசேகரும் பிரசன்னாவும் 30. அந்த மேதைகளுக்கே நிலை இதுவென்றால், 36-க்கும் 24-க்கும் இடையே உள்ள பன்னிரண்டில் பாதி ஆளைச் சேர்ந்தது. மறுபாதி காலத்தைச் சேர்ந்தது என்பதே என் கணிப்பு. தம் தோழர்களைவிட வெங்கட்ராகவன் பின்தங்கினார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அத்தோழர்களின் விக்கெட்டுகள் சிலவற்றில் அவர் பிடித்த காட்சுகளும் உண்டு. பந்துவீச்சுக் கணக்கு அதைச் சொல்வதில்லை.

பந்துவீச்சில் அஸ்வினே உயர்ந்தவர் என்று தீர்ப்புச் சொல்லுங்கள், நானும் கைதட்டுவேன். ஆனால் காலத்தின் கொடையையும் ஆளின் திறமையையும் பிரித்தறிந்த பிறகு சொல்லுங்கள். அதுவே படித்தவர்க்கு அழகு. நம் பெற்றோர் காலத்து மதிப்பெண்ணை நம்முடையதோடு ஒப்பிட்டுச் சிரிக்கும்போதும் இந்த நீதியை மறவாதிருப்போம்!