ஒரே தெரு, இரண்டு பாஸ்போர்ட்

உலகக் கோப்பை பார்க்க அமெரிக்கா போகலாம் என்று முதலில் கிளப்பிவிட்டவன் கடைசியில் வரமாட்டான். வில்லியனூர், பாகூர் பக்கம் எந்த நண்பர் கூட்டத்தைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். டீக்கடையில் பேச்சை எடுக்க ஒருத்தன், வாட்ஸ்அப் குழு ஆரம்பிக்க ஒருத்தன், குழுவுக்கு மெஸ்ஸி படம் மாட்டி 'அமெரிக்கா 2026' என்று பெயர் வைக்க ஒருத்தன். பணம் கட்டுகிற நாள் வந்தால் மூன்று பேர் வீட்டிலும் ஒரே சமயத்தில் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம்.

எங்கள் குழுவில் ஆறு பேர். 2022 டிசம்பர் 18 ராத்திரி எடுத்த முடிவு அது. கத்தாரில் அர்ஜென்டினா மூன்று, பிரான்ஸ் மூன்று, பெனால்டியில் 4-2. எம்பாப்பே தனியாளாக மூன்று கோல் போட்டும் பிரான்ஸ் தோற்றது. புதுச்சேரியில் அன்றைக்குப் பாதிப் பேர் வெடி போட்டார்கள், பாதிப் பேர் சோறு இறங்காமல் படுத்தார்கள். அந்தச் சூட்டில் "அடுத்த கப்பை நேர்லயே பாக்குறோம்டா" என்று ஒருத்தன் தலையில் இன்னொருத்தன் அடித்துச் சத்தியம். மாதச் சீட்டு கட்டிப் பணமும் சேர்த்தோம். சீட்டுப் பணத்துக்குக் கணக்கு இருக்கிறது, சத்தியத்துக்குத்தான் இல்லை.

முதலில் கழன்றவன் பாகூர்க்காரன். "ஜூலையில சொர்ணவாரி அறுப்பு, மச்சி. மெஷின் வர்ற அன்னைக்கு நான் கழனியில நிக்கணும்." பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம், ஏரிப் பாசனக்காரனிடம் அதற்குமேல் வாதாட முடியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். உலகக் கோப்பை ஜூன், ஜூலையில்தான் நடக்கும் என்பது அவனுக்கு இப்போதா தெரிந்தது? கத்தார் வெயிலுக்காக ஒரு தடவை நவம்பருக்குத் தள்ளினார்கள், அவ்வளவுதான். இவன் சீட்டு கட்டிய வருஷமெல்லாம் சொர்ணவாரியும் இருந்ததே! இன்னொருத்தன், வில்லியனூர் தேர் முடியட்டும் பார்க்கலாம் என்றான். திருக்காமீசர் தேரைப் பிரெஞ்சு கவர்னர் காலத்து வழக்கப்படி இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். "நீ இழுக்கலன்னா தேர் நகராதாடா?" என்று கேட்டுவிட்டேன். கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டான்.

ஆக, நாலு பேர். ஒரு வகையில் அதுவும் நல்லதுக்குத்தான். ஃபிஃபா ஒரு ஆட்டத்துக்கு ஒருவருக்கு நாலு டிக்கெட்டுக்கு மேல் தருவதில்லை. ஆறு பேர் என்றால் இரண்டு விண்ணப்பம், இரண்டு குலுக்கல். ஒன்று விழுந்து இன்னொன்று விழாவிட்டால் நாலு பேர் உள்ளே, இரண்டு பேர் வெளியே கடலை கொறித்துக்கொண்டு நிற்க வேண்டும். 2025 டிசம்பர் 11 முதல் 2026 ஜனவரி 13 வரை நடந்த அந்தக் குலுக்கலுக்கு உலகம் முழுவதும் 50 கோடிக்கு மேல் டிக்கெட் கேட்டு வந்ததாம். இந்த முறை 48 அணிகள், 104 ஆட்டங்கள், அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றிலுமாக 16 நகரங்கள். அத்தனை ஆட்டம் இருந்தும் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. கேட்பார் கூடக் கூட விலையும் கூடும் ஏற்பாடு வேறு. விமர்சனம் கிளம்பியதும் 60 டாலருக்கு ஒரு மலிவு டிக்கெட் அறிவித்தார்கள். சந்தோஷப்பட்டோம். அப்புறம்தான் படித்தோம், அது தகுதி பெற்ற நாடுகளின் கால்பந்துச் சங்கங்கள் வழியாக அவரவர் ரசிகர்களுக்குக் கொடுப்பது. நம் நாடு எங்கே தகுதி பெற்றது, நமக்கு எங்கே மலிவு?

அந்தக் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். 1950-ல் பிரேசில் உலகக் கோப்பைக்கு இடம் கிடைத்தும் இந்தியா போகவில்லை. அதற்குப் பிறகு இடம் கிடைத்ததே இல்லை. சரி, ஆசியக் கோப்பையாவது? 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்தது. ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. மூன்று ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. உஸ்பெகிஸ்தான் ஆட்டத்துக்கு மைதானத்தில் 38,000 பேருக்கு மேல், அதில் நம் ஆட்கள்தான் அலைமோதினார்கள். லீவு சொல்லி, பஸ் பிடித்து, கொடி சுற்றிக்கொண்டு வந்த கூட்டம் அது. 2027 ஆசியக் கோப்பை சவூதி அரேபியாவில், பக்கத்திலேயே. அதற்கும் தகுதி இல்லை. 2025 அக்டோபரில் கோவாவில், நம் மண்ணிலேயே, சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று அந்தக் கதவும் சாத்தப்பட்டது. எனவே நாங்கள் காசு கொடுத்துப் போய் அடுத்தவன் நாட்டுக்குத்தான் கத்த வேண்டும். அதற்கும் தயார் என்றுதானே சீட்டு கட்டினோம்!

இனிதான் விஷயம். அந்த நாலு பேரில் ஒருத்தனுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி.

வெளியூர் வாசகர்களுக்கு இது விளங்காமல் போகலாம். 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது, ஆனால் சட்டப்படி ஒப்படைப்பு நடந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். பிரெஞ்சுக் குடிமக்களாக இருந்து இங்கேயே பிறந்து வாழ்ந்தவர்கள் அன்று முதல் இந்தியர். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏறத்தாழ 5,000 பேர்தான் எழுதிக் கொடுத்தார்கள். பெரும்பாலும் பட்டாளத்தில் இருந்த சொல்தாக்கள், சர்க்கார் உத்தியோகஸ்தர்கள், அவர்கள் குடும்பங்கள். நண்பனின் தாத்தா இந்தோசீனாவில் சண்டை போட்டுவிட்டு வந்த சொல்தா. எழுதிக் கொடுத்தார். அதே தெருவில் நாலு வீடு தள்ளி என் தாத்தா. அந்த ஆறு மாதமும் அவர் நாற்று விட்டார், களை எடுத்தார், அறுத்தார். எழுதிக் கொடுக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்லமாட்டேன், அவர் இந்தியராக இருக்கத்தான் ஆசைப்பட்டார், நானும் அப்படியே. ஆனால் பேரன்கள் பந்து பார்க்கப் போகிற வருஷத்தில் அந்த ஒரு தாள் இப்படி வந்து நடுவில் உட்காரும் என்று யார் கண்டார்?

பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்கா போக விசா வேண்டாம். போனில் ஒரு படிவம், 40 டாலர், அனுமதி வந்தால் 90 நாள் வரை இருக்கலாம். நண்பன் சாப்பிட்டுக்கொண்டே நிரப்பிவிட்டு, "இவ்ளோதானா?" என்றான். எங்களுக்கு ஆளுக்கு 185 டாலர், நம் கணக்கில் 16,000 ரூபாய்க்கு மேல். விசா கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் வராது. கைரேகைக்கு ஒரு தடவை, நேர்காணலுக்கு ஒரு தடவை சென்னை. அமெரிக்கச் சட்டம் சுற்றுலா விசா கேட்டு வருகிறவனை அங்கேயே தங்கிவிட வந்தவன் என்று வைத்துத்தான் பேச்சையே ஆரம்பிக்கிறது. இல்லை, திரும்பி வருவேன் என்று நிரூபிக்க வேண்டியது நம் வேலை. வில்லியனூரில் கல்யாணமாகாமல் சொந்தமாக மெக்கானிக் ஷாப் வைத்திருப்பவன் எதைக் காட்டி நிரூபிப்பான்? ஸ்பானர் செட்டையா?

டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு நேர்காணல் தேதியைச் சீக்கிரம் தருகிறோம் என்று 2025 நவம்பரில் ஒரு திட்டம் சொன்னார்கள். தேதிக்குத்தான் முன்னுரிமை, விசாவுக்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் கூடவே சொன்னார்கள். ஆக, முதலில் டிக்கெட் வாங்கு, அப்புறம் கேள். விசா மறுத்தால் டிக்கெட் பணம் திரும்பாது, மறுவிற்பனையில் போடலாம். அங்கே விற்பவனிடம் 15 சதவீதம், வாங்குபவனிடம் 15 சதவீதம் என்று இரண்டு பக்கமும் கழித்துக்கொள்கிறது ஃபிஃபா. நகரத்தில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் போய் விசாரித்தோம். ஹோட்டல், விமானம், மைதானம் வரை வண்டி எல்லாம் பேக்கேஜில் அடக்கம் என்றார். "விசா?" என்றதும், "அது உங்க பாடு சார்" என்று காலண்டர் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

நம் பாடாவது தேவலை. ஹைட்டி 1974-க்குப் பிறகு இப்போதுதான் உலகக் கோப்பைக்கு வந்திருக்கிறது. அந்த நாட்டாருக்கு 2025 ஜூனிலேயே அமெரிக்கா கதவைச் சாத்திவிட்டது, ஈரானுக்கும் அப்படியே. ஆட்டக்காரர்களுக்கு விலக்கு உண்டு, ரசிகர்களுக்கு இல்லை. டிசம்பரில் செனகலும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஜூன் 16-ல் நியூஜெர்சியில் பிரான்ஸும் செனகலும் மோதும்போது டாக்கரிலிருந்து கிளம்ப நினைத்தவன் வீட்டில் இருப்பான், எங்கள் நண்பன் மைதானத்தில் இருப்பான். அவனுக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்றே தெரியாது. இன்றுவரை கோல்கீப்பர் கையில் பிடித்தால் ஃபவுல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். குழுவில் சேர்ந்ததே நியூயார்க்கில் போட்டோ எடுக்கத்தான்.

இப்படித்தான் நடத்த முடியும் என்றால் பேசாமல் இருந்துவிடுவேன். 2018-ல் ரஷ்யா என்ன செய்தது? டிக்கெட் வாங்கியவனுக்கு ரசிகர் அடையாள அட்டை, அதுவே விசா, போட்டி நடக்கும் ஊர்களுக்கு இடையே ரயிலும் இலவசம். கேரளத்துக் கணக்கு வாத்தியார் ஒருவர் துபாய் வரை விமானத்தில் போய், கப்பலில் ஈரானில் இறங்கி, அங்கிருந்து சைக்கிள் மிதித்தே மாஸ்கோ போய்ச் சேர்ந்தார். கையிலிருந்த ஒரே டிக்கெட் பிரான்ஸ், டென்மார்க் ஆட்டத்துக்கு. அந்த உலகக் கோப்பையிலேயே கோல் விழாமல் முடிந்த ஒரே ஆட்டம் அது! ஆனாலும் மனிதர் போனார், பார்த்தார். கத்தார் 2022-ல் ஹய்யா கார்டு கொடுத்தது. டிக்கெட்டைக் காட்டி அதை வாங்கிக்கொண்டால் உள்ளே விட்டார்கள்.

எங்கள் தெருவில் உலகக் கோப்பை ஆட்டத்தை நேரில் பார்த்தவன் இன்றைக்கும் ஒரே ஆள்தான். தோஹாவில் ஏசி மெக்கானிக். உள்ளூரில் வேலை செய்கிறவர்களுக்கென்று 40 ரியாலுக்கு டிக்கெட் போட்டார்கள், அப்போதைய கணக்கில் 900 ரூபாய்தான். அவன் போனது பிழைக்க, பந்து பார்க்க இல்லை. லீவுக்கு வந்தபோது, "மேல் வரிசைதான்ணா, ஆனா கார்னர் கிக் அடிக்கிற சத்தம்கூடக் கேட்டுது" என்றான். சீட்டு கட்டிய நாங்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

கொச்சி பக்கம் 17 பேர் சேர்ந்து அந்த உலகக் கோப்பையை ஒன்றாக உட்கார்ந்து பார்க்க 23 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீட்டையே வாங்கியதாகச் செய்தி வந்தபோது சிரித்தேன். கேரளாவுக்குள் இருக்கும் நம் மாஹேக்காரர்களும் பந்து என்றால் அந்த ரகம்தான். இப்போது யோசித்தால் அந்த 17 பேர் புத்திசாலிகள். விசா இல்லை, குலுக்கல் இல்லை, வீடு மிச்சம். நண்பர்கள் 17 பேரும் கடைசிவரை சேர்ந்தே இருந்தார்களே, அதுதான் எனக்குப் பெரிய அதிசயம்.

கடலூர் சாலையில் பாகூருக்குப் போகும்போது ரெட்டிச்சாவடி வரும். அது தமிழ்நாடு. தாண்டினால் திரும்பவும் புதுச்சேரி. வரைபடத்தில் எல்லை இப்படி நெளிந்து நெளிந்து கிடக்கிறது. பெட்ரோல் விலை மாறுவதைத் தவிர ஒருத்தனும் கேள்வி கேட்பதில்லை. அந்த சௌகரியத்திலேயே வளர்ந்ததால்தானோ என்னவோ, எல்லை என்றால் எங்களுக்கு உறைக்கவே இல்லை.

2030 உலகக் கோப்பை ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ. நூறாண்டு நிறைவுக்காக முதல் மூன்று ஆட்டம் உருகுவே, அர்ஜென்டினா, பராகுவேயில். எத்தனை விசா என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. 2034 சவூதி அரேபியா. போட்டி நடத்தப்போகும் அரசுகளையும் ஃபிஃபாவையும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். டிக்கெட்டை விற்கும்போதே, உள்ளே விடுவீர்களா மாட்டீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள். விடமாட்டீர்கள் என்றால் பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுங்கள். ரஷ்யாவாலும் கத்தாராலும் முடிந்தது உங்களால் முடியாதா?

பிரெஞ்சு நேஷனாலிட்டி நண்பனுக்கும் ஒரு வேண்டுகோள். போய் வா, சந்தோஷம். ஆட்டம் உனக்கு மத்தியானம் மூன்று மணி, எங்களுக்கு ராத்திரி பன்னிரண்டரை. மைதானத்திலிருந்து வீடியோ கால் போட்டு, "மச்சி, நீலச் சட்டை யாரு?" என்று மட்டும் கேட்காதே.