ஜவ்வாது மலையின் துருப்பிடித்த குழல்கள்

‘கள்ளத் துப்பாக்கிகள் பறிமுதல்’ என்ற தலைப்பில் ஜவ்வாது மலையிலிருந்து சில ஆண்டுகளுக்கொரு முறையேனும் ஒரு செய்தி வந்துவிடுகிறது. செய்தியைவிட அதனோடு வரும் புகைப்படமே நம்மை அதிகம் உறுத்துவது. விறகுபோல் அடுக்கிய நாட்டுத் துப்பாக்கிகள், அவற்றின் பின்னே மிடுக்காக நிற்கும் அதிகாரிகள். ‘தாமாக முன்வந்து ஒப்படைத்தனர்’ என்ற வாசகமும் தவறாமல் இருக்கும். தாமாக முன்வந்தவர்கள் மட்டும் படத்தில் இருக்கமாட்டார்கள். நமது எழுத்தாளர்களில் சிலர் இந்த ஆயுதத்தை ‘ரைபிள்’ என்று எழுதுகிறார்கள். ரைபிளின் குழலுக்குள் புரி வெட்டப்பட்டிருக்கும். மலையாளிப் பழங்குடியினர் வைத்திருப்பதோ வாய்வழியே கருமருந்தும் ரவையும் கெட்டிக்கும் வழவழப்பான ஒற்றைக்குழல். ஒருமுறை சுட்டால் மறுமுறை கெட்டிக்கும்வரை அது வெறும் கைத்தடி.

குழலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் நமது வாதம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்தது கருமருந்து. எரிந்தபின் அது விட்டுச்செல்லும் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கக்கூடியது. சுட்ட அன்றே வெந்நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெயிட்டு வைத்தால் ஒரு நல்ல குழல் பேரன் காலம்வரை உழைக்கும். ஆனால் ஒளித்துவைக்கப்படும் துப்பாக்கிக்கு அந்தப் பராமரிப்பு ஏது? சாக்கில் சுற்றிக் கூரையிடுக்கிலோ பாறைப் பொந்திலோ ஒரு மழைக்காலம் கிடந்தால் போதும், குழலின் உட்சுவரில் குழிகள் விழத் தொடங்கிவிடும். மருந்து எரியும் அடிப்புறத்தில்தான் கசடு மிகுதி; வெடிப்பின் அழுத்தமும் அங்கேதான் உச்சம். சாமை கதிர் பிடித்துப் பன்றி இறங்கும் பருவத்தில் இரவோடிரவாக அதை எடுத்து உப்புத்தாளால் தேய்த்தால் பளபளப்பு திரும்பிவிடும். அரிக்கப்பட்ட கனம் திரும்பாது. அடுத்த வெடிப்பில் பிளக்கப்போவது பன்றியின் நெற்றியா, சுடுபவனின் இடக்கையா என்று அவனுக்கே தெரியாது.

அப்படியானால் தெரிந்த கைவினைஞனிடம் கொடுத்துச் சீர்செய்யலாமே என்று வாசகர் கேட்கக்கூடும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமமின்றித் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையும் தடைசெய்கிறது. அது சரியான விதிதான். வழக்கத்தைவிடக் கூடுதலாக மருந்திட்டுச் சுட்டுப் பார்த்துக் குழலின் உறுதியைச் சோதிப்பது இத்தொழிலின் பழைய நெறி; பர்மிங்ஹாமில் அதற்கென்றே 1813இல் ஒரு சோதனைக்கூடம் அமைக்கப்பட்டது. ஆனால் ஆயுதத்துக்கே உரிமமில்லாதவன் உரிமம்பெற்ற பழுதுபார்ப்பவனின் வாசலில் எப்படிப் போய் நிற்பான்? மறைவில்தான் அவன் துருவைச் சுரண்டவேண்டியிருக்கிறது.

இதே சட்டத்தின் 13ஆம் பிரிவை நமது கனவான்கள் படித்திருக்கிறார்களா? பயிர்ப் பாதுகாப்புக்காக உண்மையாகவே தேவைப்படும் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்கப்படவேண்டும் என்று அது சொல்கிறது. அத்துப்பாக்கி போதாதெனில் வேறொரு வழவழப்புக்குழல் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்றுகூட அதில் இடமிருக்கிறது. மலைக்காரனின் தேவையை 1959லேயே நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டுவிட்டது. மனு எழுதத் தெரியாதவனும், மலையிறங்கி ஆட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க ஒருநாள் கூலியை இழக்க முடியாதவனும்தான் அந்தப் பிரிவுக்கு வெளியே நிற்கிறார்கள்.

குடகைப் பாருங்கள். 1861இல் ஆங்கிலேய ஆணையர் மார்க் கப்பன் அளித்த விலக்கு இன்றும் வெவ்வேறு வடிவில் தொடர்கிறது. கொடவர்களும் ஜம்மா நில உரிமையாளர்களும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்துக்கொள்ள 2019இல் மத்திய அரசு மேலும் பத்தாண்டுகளுக்கு அனுமதி தந்தது. கர்நாடக உயர்நீதிமன்றமும் 2021இல் அதை ஏற்றது. நமக்குக் கொடவர்மீது பகையில்லை. அவர்கள் வீட்டுத் துப்பாக்கி பண்பாடு, ஜமுனாமரத்தூரான் வீட்டுத் துப்பாக்கி குற்றம் என்ற கணக்குதான் விளங்கவில்லை. வெள்ளையனுக்கு விசுவாசமாக இருந்த வரலாறு ஜவ்வாது மலைக்கு வாய்க்காமல் போய்விட்டது போலும்.

பண்பாடுதான் அளவுகோல் என்றால் நம்மிடம் இருப்பது கொஞ்சமா? செங்கண்மாத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம், தினைப்புனத்தை அழிக்கும் பன்றிக்காக வழிதோறும் வைக்கப்பட்ட கற்பொறிகளில் சிக்கிவிடாதீர்கள் என்று கூத்தரை எச்சரிக்கிறது. அந்தச் செங்கண்மா இன்றைய செங்கம், ஜவ்வாதின் அடிவாரம். பன்றியோடு பொருது மாண்டவனுக்கு ‘பன்றி குத்திப்பட்டான் கல்’ நட்டு வணங்கிய நிலம் இந்த வடதமிழகம். கல்லில் நிற்பவனைப் பற்றிக் கருத்தரங்கில் உருகிப் பேசிவிட்டு, மறுநாள் நாளிதழில் அவன் வழித்தோன்றலைப் பார்த்து ‘வேட்டைக் கும்பல்’ என்று உச்சுக்கொட்டுவதற்கு நம்மால்தான் முடியும்.

எதிர்வாதங்களை நாம் அறியாமலில்லை. அதே குழல் மான்மீதும் திரும்புகிறது, கறி விலைபோகிறது, குடிபோதைத் தகராறிலும் அது வெடிக்கிறது, புதருக்குள் அசைந்தது பன்றியென்று எண்ணி மனிதனைச் சுட்டவர்களும் உண்டு. ஆகவேதான் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்ட, சோதிக்கப்பட்ட, கணக்கில் உள்ள துப்பாக்கி வேண்டுமென்கிறோம். துப்பாக்கியைப் பிடுங்கிய இடத்தில் பன்றி வராமல் நின்றுவிடவில்லை. அவுட்டுக்காயும் திருட்டு மின்கம்பியும்தான் வந்தன. அவுட்டுக்காய் மாட்டின் வாயையும் யானையின் வாயையும் பேதமின்றிக் கிழிக்கிறது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் மின்வேலியில் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன. பரண்மேல் விழித்திருப்பவன் எதைச் சுடுகிறோம் என்று ஒரு கணமாவது பார்க்கிறான். கம்பிக்குக் கண் கிடையாது.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி கண்டது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள். சமவெளி விவசாயிக்கு இது ஆறுதலாக இருக்கலாம். ஜவ்வாது மலையின் ஊர்களோ காப்புக்காட்டின் நடுவே தீவுகளாகக் கிடப்பவை. பல ஊர்களில் சாமைக்கொல்லையின் வரப்பே காட்டின் எல்லை. பன்றியால் முதலில் இழப்பவனுக்கு அரசாணையில் கடைசி இடம்கூட இல்லை.

ஜமுனாமரத்தூரில் முகாமிட்டு மனுக்களை அங்கேயே வாங்குங்கள். குழல்களைச் சோதித்துப் பிளக்கக்கூடியவற்றை உருக்குங்கள், தேறுபவற்றுக்கு 13ஆம் பிரிவின்படி உரிமம் கொடுங்கள். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நிற்கும் பயிருக்குக் கேடு செய்யும் பன்றியைக் கொல்ல அனுமதி வழங்கும் அதிகாரத்தைத் தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கு அளித்திருக்கிறது. எந்தக் கொல்லையில், எந்தப் பருவத்தில் என்று வரையறுத்து அதைப் பயன்படுத்துங்கள். இதற்கெல்லாம் மனமில்லையென்றால், பன்றி மேய்ந்த கொல்லைக்கு முழு விளைச்சலின் விலையை அடுத்த விதைப்புக்குள் கையில் கொடுங்கள். இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டு அந்தப் புகைப்படத்துக்கு நில்லுங்கள்.